கழிமுகத்தில் எண்ணெய் மிதக்கிறதா? முதல் நாளிலிருந்து பசுமைத் தீர்ப்பாயம் வரை செய்ய வேண்டியவை

எங்கள் ஊர் ஆற்றில் எண்ணெய் வந்த அன்று காலை, பெரியப்பா இழுத்து வந்த வலை தார் பூசியது மாதிரி இருந்தது. கண்ணிக்குக் கண்ணி கறுப்பு. வலையில் கிடைத்த நண்டைத் திரும்பத் திரும்பக் கழுவினோம். மண்ணெண்ணெய் வாடை போகவே இல்லை. "இதை யாரும்மா வாங்குவா?" என்று அவர் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஒன்பது மாதம் மனு கொடுத்தேன். ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தபோது, "எண்ணெயை முதன்முதலில் பார்த்த தேதி என்ன?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். சொன்னேன். "சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக ஆறு மாதக் கெடு முடிந்துவிட்டதே, நீட்டிப்புக்கான அறுபது நாளும் போய்விட்டதே" என்றார். மனு கொடுத்துக்கொண்டே இருந்தால் கெடுவும் நின்றுகொண்டிருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். நிற்காது. சீரமைப்பும் இழப்பீடும் கேட்கும் வேறொரு பிரிவின் கீழ்தான் எங்களால் உள்ளே நுழைய முடிந்தது.

உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது. தமிழ்நாட்டுக் கடலோரத்தில் கச்சா எண்ணெய்க் கசிவு, கப்பல் எண்ணெய், அனல்மின் நிலையத்தின் சாம்பல், சுடுநீர் என்று எது கடலிலோ கழிமுகத்திலோ கலந்தாலும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

1. முதல் சில மணி நேரம்: யாருக்குச் சொல்வது

கடலில் எண்ணெயைப் பார்த்தால் கடலோரக் காவல்படைக்குச் சொல்லுங்கள். எண் 1554. கடலில் எண்ணெய்க் கசிவு ஏற்பட்டால் நடவடிக்கைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பு அவர்களுடையது. துறைமுக எல்லைக்குள் என்றால் துறைமுக நிர்வாகம். கரையிலோ கழிமுகத்திலோ என்றால் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை, எண் 1077. அதோடு, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் சொல்லிவிடுங்கள். எல்லை யாருடையது என்று உங்களுக்கே குழப்பமாக இருந்தால் எல்லோருக்கும் சொல்லுங்கள், தவறில்லை.

பேசி முடித்ததும் நேரம், எதிர்முனையில் இருந்தவரின் பதவி, அவர் சொன்ன பதில் மூன்றையும் எழுதி வையுங்கள். புகார் எண் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது, கரையில் ஒதுங்கிய எண்ணெயை மக்கள் வாளியில் அள்ளியதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த மனசு பெரிது. ஆனால் வெறும் கையால் எண்ணெயைத் தொடாதீர்கள். வாடை தலையைச் சுற்றவைத்தால் காற்று வரும் பக்கமாக விலகிப் போங்கள். பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அள்ளிய எண்ணெயை மணலில் புதைத்தால் அடுத்த மழைக்கு அது திரும்ப வெளியே வரும். சோப்புத்தூள் போட்டுக் கரைக்கவும் வேண்டாம். கரைந்த எண்ணெய் அடியில் இருக்கும் இறால் குஞ்சுக்கும் நண்டுக்கும்தான் போய்ச் சேரும்.

2. ஆதாரம்: அன்றைக்கே எடுக்க வேண்டும்

எண்ணெய் ஓரிரு நாளில், கடல்நீர் இறங்கும் வற்றத்தோடு போய்விடும். பிறகு யார் வந்து பார்த்தாலும் தண்ணீர் சுத்தமாகத்தான் தெரியும். அதனால் மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் அவசரம்.

ஒவ்வொரு இடத்திலும் மூன்று படம் எடுங்கள். தூரத்திலிருந்து ஒன்று: பாலமோ புகைபோக்கியோ கலங்கரை விளக்கமோ, இடத்தை அடையாளம் காட்டும் ஏதாவது ஒன்று அதில் இருக்க வேண்டும். நடுத்தூரத்தில் ஒன்று. கிட்டத்தில் ஒன்று: எண்ணெய்ப் படலத்தின் அளவு தெரிய ஒரு நாணயத்தையோ ஸ்கேலையோ பக்கத்தில் வையுங்கள். பிறகு அடையாளம் தெரியும் இடத்தில் தொடங்கி எண்ணெய் வரை நிறுத்தாமல் ஒரே வீடியோ. கேமராவில் இருப்பிடத்தைப் பதிவு செய்யும் வசதியை முதலிலேயே ஆன் செய்துகொள்ளுங்கள்.

நான் செய்த தவறு, படங்களை எல்லாம் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டு, போனில் இடம் இல்லை என்று மூலப்படங்களை அழித்தது. அப்படி அனுப்பும்போது படம் சுருங்குவதோடு, எடுத்த இடமும் நேரமும் அழிந்துபோகும். மூலப்படத்தை எடுத்த போனிலேயே வையுங்கள், ஒரு பென் டிரைவிலும் நகல் எடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். படம் எடுத்தவரே அதில் கையெழுத்துப் போடுவது நல்லது. அதனால் யார் எதை எடுத்தார் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள். வழக்கு முடியும் வரை அந்தப் போனை விற்காதீர்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், தண்ணீர் ஏற்றமா வற்றமா, காற்று வடக்கிலிருந்து வரும் வாடையா, தெற்கிலிருந்து வரும் சோழகமா, எண்ணெய் எங்கிருந்து எங்கே வரை தெரிந்தது, என்ன செத்து மிதந்தது. ஏற்றமும் காற்றும் எதற்கு என்று தோன்றலாம். "இந்த எண்ணெய் எங்களுடையது இல்லை, கடலிலிருந்து வந்திருக்கும்" என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது, வற்றத் தண்ணீரில் மேலேயிருந்து கீழே இறங்கி வந்தது என்ற அந்த ஒரு வரிதான் உங்களுக்குக் கைகொடுக்கும். எங்கள் ஊரில் இதைச் சரியாகச் சொன்னவர் பெரியப்பாதான். எந்த அதிகாரிக்கும் தெரியாத நீரோட்டக் கணக்கு அவருக்கு விரல்நுனியில் இருந்தது. உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

எண்ணெய் ஒட்டிய வலையில் ஒரு முழம் வெட்டி, கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, தேதி எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.

3. தண்ணீர் மாதிரி: இரண்டு வகை உண்டு

நீர் மாசைத் தடுக்கும் நீர்ச் சட்டம் 1974இன் 21ஆம் பிரிவின்படி வாரிய அதிகாரிகள் ஆலையின் கழிவுநீரை மாதிரி எடுப்பது ஒரு வகை. ஆலைத் தரப்புக்கு முறைப்படி தெரிவித்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து எடுப்பார்கள். சட்டப்படி எடை அதிகம் இதற்குத்தான். நாம் எடுப்பது இன்னொரு வகை. அது தனியாக வழக்கை ஜெயிக்க வைக்காது, ஆனால் அதிகாரிகளைக் களத்துக்கு வரவைக்கும்.

நாமே எடுப்பதானால்: வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டில் வேண்டும். பிளாஸ்டிக்கில் எடுத்தால் எண்ணெய் பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், அளவு குறைத்துக் காட்டும். எடுக்கும் தண்ணீராலேயே பாட்டிலை அலசிவிட்டுப் பிடிப்பது நமக்குப் பழக்கம். எண்ணெய்ப் பரிசோதனைக்கு அது கூடாது, முதல் தண்ணீரையே நேராகப் பிடிக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். இதைவிட நல்லது, முதலிலேயே ஆய்வகத்துக்குப் போன் செய்து, அவர்களிடமிருந்தே அமிலம் சேர்த்த பாட்டில் வாங்கிவைத்துக்கொள்வது. ஆய்வகங்களுக்குத் தர அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் உள்ள ஆய்வகமாக இருக்கட்டும். எந்தச் சோதனைக்கு என்ன கட்டணம் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் அது மாறும். எல்லாச் சோதனையும் செய்யச் சொன்னால் பணம் கரைந்துவிடும். எண்ணெய்க் கசிவுக்கு முதலில் எண்ணெய் மற்றும் கிரீஸ் அளவு போதும்.

அறிக்கை வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு எண்கள். கடலோர நீரில் விடும் கழிவுநீருக்கான பொதுத் தர வரம்பு, எண்ணெய் மற்றும் கிரீஸ் லிட்டருக்கு 20 மில்லிகிராம். பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலைகளின் கழிவுநீருக்கு 5 மில்லிகிராம். இவை கழிவுநீர் வெளியேறும் இடத்துக்கான வரம்புகள். ஆற்றின் நடுவில் எடுத்த தண்ணீரை இந்த எண்ணோடு ஒப்பிட்டு "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள்.

அதிகாரிகள் மாதிரி எடுக்க வரும்போது இரண்டு மூன்று ஏற்றம் கடந்திருந்தால், தண்ணீரோடு வண்டல் மாதிரியும் எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். எண்ணெய் தண்ணீரை விட்டுப் போனாலும் சேற்றில் தங்கும். சாம்பல் பிரச்சினைக்கும் இதே வழிதான்.

4. புகார் மனு: ஒரு பக்கம் போதும்

என் முதல் மனு ஆறு பக்கம். ஊர் வரலாறு, மீனவர் வாழ்க்கை, கோபம் எல்லாம் அதில் இருந்தது. தேதி நான்காம் பக்கத்தில் இருந்தது. யாரும் அதுவரை படித்திருக்க மாட்டார்கள்.

ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், என்ன பார்த்தீர்கள், என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள். கடைசிப் பகுதியில் தெளிவாகக் கேளுங்கள்: மாதிரி எடுக்க வேண்டும், கசிவின் மூலத்தைக் கண்டறிந்து அடைக்க வேண்டும், ஆய்வறிக்கையின் நகல் எங்களுக்கு வேண்டும். நிறுவனத்தின் பெயரை எழுதும்போது கவனம். "இந்த நிறுவனம் எண்ணெயைக் கொட்டியது" என்று எழுதாமல் "இந்த நிறுவனத்தின் கழிவுநீர்க் குழாய் அருகே எண்ணெய் மிதந்ததைக் கண்டோம்" என்று எழுதுங்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினால் யாராவது உங்கள் மேல் வழக்குப் போட்டாலும் உறுதியாக நிற்கலாம்.

மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர், மாவட்ட ஆட்சியர், மீன்வளத்துறை உதவி இயக்குநர், மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் என நான்கு பேருக்கும் அனுப்புங்கள். உப்புநீர் ஏறி இறங்கும் கழிமுகமும் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும் என்பதால் கடைசி முகவரியை விட்டுவிடாதீர்கள். ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடலோரக் குழுவில் பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்று 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை சொல்கிறது. உங்கள் மாவட்டத்தில் அவர்கள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அவர்களிடம் ஒரு நகலைக் கொடுங்கள்.

நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். தபால் என்றால் ஸ்பீடு போஸ்ட் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வெயிலில் அந்த ரசீதின் எழுத்து மங்கிவிடும், அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் அங்கேயே மனு எண் கிடைக்கும். முதல்வரின் உதவி மைய எண் 1100இலும் பதிவு செய்யலாம்.

5. தகவல் பெறும் உரிமைச் சட்டம்: முதல் வாரத்திலேயே போடுங்கள்

மனுவுக்குப் பதில் வரட்டும், அப்புறம் தகவல் கேட்கலாம் என்று காத்திருப்பதில்தான் பலருக்குக் கெடு கரைகிறது. கணக்கைப் பாருங்கள். பதிலுக்கு 30 நாள். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கு இன்னும் 30 முதல் 45 நாள். இரண்டரை மாதம் இதிலேயே போய்விடும். அதனால் மனு கொடுக்கும் அதே வாரத்தில் இதையும் போட்டுவிடுங்கள்.

கட்டணம் 10 ரூபாய். மாநில அலுவலகங்களுக்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். மத்திய அரசு அலுவலகங்களுக்கு அந்த வில்லை செல்லாது, போஸ்டல் ஆர்டர் வைக்க வேண்டும். அல்லது இணையம் வழியாகச் செலுத்தலாம். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை, சான்று இணைக்க வேண்டும்.

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள்:

அ) இந்த ஆலைக்கு நீர்ச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட இசைவாணை (ஆலை இயங்க வாரியம் தரும் அனுமதி), நிபந்தனைகளுடன்.
ஆ) கடந்த 12 மாதங்களில் மாதிரி எடுத்த தேதிகள், ஆய்வறிக்கைகளின் நகல்.
இ) இந்தத் தேதியிட்ட என் மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் கோப்புக் குறிப்புகள்.
ஈ) கோப்பை நேரில் பார்வையிட அனுமதி.

கடைசியில் இருக்கும் பார்வையிடும் உரிமைதான் எனக்குப் பெரிதாக உதவியது. ஒரு அலுவலகத்தில் "தகவல் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கோப்பை நேரில் பார்த்தபோது, எங்கள் ஊர்ப் பெயரோடு ஒரு ஆய்வுக் குறிப்பு அதற்குள்ளேயே இருந்தது.

சுற்றுச்சூழல் அனுமதியும், நிறுவனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய நிபந்தனை நிறைவேற்ற அறிக்கையும் பொது ஆவணங்கள். சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் முதலில் தேடுங்கள். கிடைத்தால் 30 நாள் மிச்சம். அனல்மின் நிலையம் என்றால் அந்த அனுமதியில் வெளியேற்றும் நீரின் வெப்பத்துக்கு என்ன வரம்பு எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

6. ஊரைச் சேர்ப்பது

கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது. தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டதை அங்கேயே நின்று பார்த்து, நகல் வாங்குங்கள். நகராட்சி, மாநகராட்சிப் பகுதி என்றால் மீனவர் கூட்டுறவுச் சங்கத் தீர்மானம், ஊர்ப் பஞ்சாயத்துக் கடிதம்.

கழிமுகத்தில் கைத்தடவி இறால் பிடிக்கும் பெண்களையும் கூலி மீனவர்களையும் கையெழுத்துப் பட்டியலில் சேருங்கள். படகு இல்லாததால் இவர்கள் பெயர் பெரும்பாலும் பதிவேடுகளில் இருக்காது, இழப்பீட்டுப் பட்டியலில் முதலில் விடுபடுவது இவர்கள்தான்.

7. புதுத் திட்டம் வருகிறது என்றால்

திட்டம் பற்றிய மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் சுருக்க அறிக்கை தமிழிலும் இருக்க வேண்டும். முழு வரைவறிக்கை ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும். கூட்டத்தில் பேசுவதோடு எழுத்திலும் கொடுங்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பை முடிவில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும் என்பது 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. பேசி முடித்ததும் கிளம்பிவிடாமல் அதுவரை இருங்கள். நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் அங்கேயே சுட்டிக்காட்டுங்கள். அனுமதி வழங்கிவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள்.

8. தேசிய பசுமைத் தீர்ப்பாயம்

தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இணையம் வழியாகவும் மனு தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடவும் சட்டம் இடம் தருகிறது.

கெடுக்களை ஒரு தாளில் எழுதி சுவரில் ஒட்டுங்கள். தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆம் பிரிவின் கீழ் சுற்றுச்சூழல் தகராறுக்கு, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம். தகுந்த காரணம் இருந்தால் அறுபது நாள் வரை நீட்டிப்பு, அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. 15ஆம் பிரிவின் கீழ் இழப்பீடு, பாழான சூழலைச் சீரமைப்பது ஆகியவற்றுக்கு ஐந்து ஆண்டு. நான்காம் மாதம் முடியும்போது, எந்த அலுவலகத்தில் என்ன நிலுவையில் இருந்தாலும், வழக்குத் தயாரிப்பைத் தொடங்கிவிடுங்கள்.

கட்டணத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்கு 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் 1 சதவீதம், குறைந்தது 1,000. ஆவேசத்தில் ஒரு கோடி என்று எழுதினால் ஒரு லட்சம் கட்ட வேண்டிவரும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

மனுவும் இணைப்புகளும் ஆங்கிலத்தில் வேண்டும். தமிழ் ஆவணம் ஒவ்வொன்றுக்கும் மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். எங்களுக்கு அதிகம் செலவானது இதற்கும் நகலெடுப்புக்கும்தான். ஊரில் கல்லூரி படிக்கும் பிள்ளைகளை முதல் மாதத்திலிருந்தே மொழிபெயர்க்க வைத்தால் இந்தச் செலவு பாதியாகும். மனுவின் முதல் பக்கத்தில் தேதிப் பட்டியல் வையுங்கள், நீங்கள் போட்ட நோட்டு அதற்குத்தான்.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பேரிடரால் பாதிக்கப்பட்டவர்கள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். இது தெரியாமல் நாங்கள் ஊரில் வசூல் செய்தோம்.

9. இழப்பீட்டுக்கான தாள்கள்

படகுப் பதிவுச் சான்று, மீனவர் அடையாள அட்டை, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, வலை வாங்கிய பில், டீசல் ரசீது, ஏலத்தில் மீன் விற்ற சீட்டு, வங்கிப் புத்தகம். எண்ணெய் வருவதற்கு முந்தைய மாதங்களின் ஏலச் சீட்டு இருந்தால்தான் பின்னால் மீன்பாடு எவ்வளவு குறைந்தது என்று காட்ட முடியும். ஏலக்காரர் துண்டுச் சீட்டில் எழுதித் தருவதைத் தூக்கிப் போடுவது வழக்கம். வழக்கு எதுவும் இல்லாத காலத்திலும் அதை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால், அந்த நாட்களை இழப்புக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். எதிர்த்தரப்பு அதை வைத்தே மொத்தக் கணக்கையும் பொய் என்று சொல்லும்.

10. கூட்டுக் குழு வரும் நாள்

வழக்கு ஏற்கப்பட்டால் பெரும்பாலும் பல துறை அதிகாரிகள் கொண்ட கூட்டுக் குழுவைத் தீர்ப்பாயம் அனுப்பும். வழக்கின் போக்கை முடிவு செய்வது அவர்கள் அறிக்கைதான். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். ஏற்ற நேரத்தில் வந்தால் சேறும் குழாய் வாயும் தண்ணீருக்கடியில் இருக்கும், ஒன்றும் தெரியாது. வற்ற நேரத்தைக் குறிப்பிட்டு அந்த நேரத்தில் வரும்படி கடிதம் கொடுங்கள்.

எங்கள் ஆற்றுக்குக் குழு வந்த அன்று பெரியப்பா ஒரு மூங்கில் கழியோடு நின்றார். காட்ட வேண்டிய ஐந்து இடத்தையும் நாங்கள் கையால் வரைந்த படத்தில் குறித்திருந்தோம். மூன்றாவது இடத்தில் கழியைச் சேற்றில் இறக்கி உருவினார். முழங்கை அளவுக்குக் கறுப்பு ஒட்டி வந்தது, வாடையும் வந்தது. வந்திருந்தவர்களில் ஒருவர் உடனே அங்கேயே வண்டல் மாதிரி எடுக்கச் சொன்னார். மாதிரி எடுத்த இடம், நேரம், முத்திரை எண் மூன்றையும் நாங்களும் எங்கள் நோட்டில் எழுதிக்கொண்டோம். உங்களோடும் அன்று நோட்டு இருக்கட்டும்.

அறிக்கை வந்ததும் மறுப்பு இருந்தால் அடுத்த விசாரணைக்கு முன்பே தாக்கல் செய்யுங்கள். இறுதி உத்தரவு பாதகமாக வந்தால் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு 90 நாள். சாதகமாக வந்தால் உத்தரவில் உள்ள ஒவ்வொரு தேதியையும் சுவரில் ஒட்டிய அதே தாளில் எழுதுங்கள். அந்தத் தேதி தாண்டியும் வேலை நடக்கவில்லை என்றால், உத்தரவை நிறைவேற்றக் கோரும் மனுவைத் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.